மழை என்றால் கருணை

விசாரணைக்கு வந்திருந்தவர்கள்: அலவந்தி நாட்டின் குறியீட்டு அமைச்சர் அடலேறு, தலைமை உரையாசிரியர் சொல்லரசு, சிறைக்காவலன் மாடன், மன்னரின் நாற்காலி (மன்னர் வரவில்லை, எல்லோரும் நாற்காலியை வணங்கினார்கள்), சடைச்சி என்ற விவசாயி, வாசலுக்கு வெளியே அவள் ஊர்க்காரர்கள் மூவர்.

அந்நாட்டில் ஒரு காலத்தில் கவிதைக்கு ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். ஒருவனுக்கு நிலா காதலி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு அதுவே பசி. இது நிர்வாகத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. மழை என்றால் மன்னரின் கருணை. ஏரி என்றால் கருவூலம். மாடு என்றால் அமைச்சர். இது மட்டும் மாட்டின் உழைப்பைக் கருதி அமைச்சர்களே கேட்டு வாங்கியது.

மறு ஆண்டு மழை பெய்யவில்லை. கருணை பொய்க்காது என்பதால் மழைமானிகளை இலக்கியக் காட்சியகத்துக்கு மாற்றினார்கள். அதற்கடுத்த ஆண்டும் பெய்யவில்லை. மழைக்கு நன்றி விழா எடுத்து, ஊர்க் கிணறுகளில் மிச்சமிருந்த தண்ணீரை இறைத்து ஊர்வலத்தின் மேல் தெளித்தார்கள்.

சடைச்சி மனு எழுதினாள். கிடைத்த காகிதம் கையகலம்கூட இல்லை, வரிகள் குறுகிப்போயின. வரி குறுகியிருந்தால் கவிதை என்பது அலுவலக வழக்கம். மனு குறியீட்டுத் துறைக்குப் போனது.

சொல்லரசு எழுந்து நின்று வாசித்தார்:

மழை இல்லை.
ஏரி காய்ந்துவிட்டது.
மாடு இரண்டும்
செத்துப்போச்சு.
தண்ணி அனுப்புங்க.

"அபாரம்" என்றார் அமைச்சர். "ஆனால் ராஜதுரோகம். கருணை இல்லை, கருவூலம் காலி, அமைச்சர்கள் இருவர் மரணம். எந்த இருவர்?"

"எங்க மாடுங்க ஐயா. ஒண்ணு செவலை, ஒண்ணு மயிலை."

அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "செவலை யார்?"

"நிதியமைச்சராக இருக்கலாம்" என்றார் சொல்லரசு.

"ஏரின்னா ஏரிதான் ஐயா. வந்து பாருங்க, வெடிப்புல காலு மாட்டிக்கும்."

சொல்லரசு இரங்கினார். "அம்மா, கடைசி வரியை அடித்துவிடு. எல்லாம் கற்பனை என்று கையெழுத்துப் போடு. குற்றமில்லை. சால்வையும் உண்டு."

"தண்ணி?"

"கவிதைக்குத் தண்ணீர் தருவதில்லை."

"சால்வையக் குடிக்கவா? அந்த வரி இருக்கட்டும். அது மனுதான்."

ஆயுள் சிறை என்றார் அமைச்சர். நாற்காலி மறுக்கவில்லை.

மாடன் அவளைச் சிறைவாசலுக்குக் கூட்டிப்போனான். ஊர்க்காரர்கள் பின்னால் வந்தார்கள்.

"உள்ள தண்ணி தருவீங்களா?" என்று கேட்டாள்.

"காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். சட்டம் ஆத்தா, குறைக்க முடியாது."

சடைச்சி ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்கல்ல? போய் எல்லாரையும் மனு எழுதச் சொல்லுங்க. பிள்ளைங்க பேரையும் சேத்து எழுதச் சொல்லுங்க."

அவளாகவே உள்ளே போனாள். மாடன் கதவைச் சாத்திப் பூட்டினான்.