புயலாரின் கப்பல் தரை தட்டாது

கப்பல்களை மூழ்கடிப்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கொள்ளைக்காரர்கள் என்று பயந்துவிடாதீர்கள். படகில் ஏறினாலே தலை சுற்றுகிற சாதுக்கள். வேலையில் ஓய்வு பெற்றதும் கடலோர அருங்காட்சியகத்துக்குச் சம்பளமில்லாத வழிகாட்டியாக வந்து சேர்வார்கள். துருப்பிடித்த நங்கூரத்தைத் தடவுவார்கள், தொண்டையைச் செருமுவார்கள், கூட்டத்திலேயே சின்னக் குழந்தையாகப் பார்த்து, "பாப்பா, பயப்படக் கூடாது" என்பார்கள். குழந்தை அப்போதுதான் பயப்பட ஆரம்பிக்கும்.

நம்மவருக்கு அங்கே புயலார் என்று பெயர். அந்த நங்கூரம் இருந்த கப்பல், அவர் சொல்லும் கதையில், முதல் வருஷம் சாதாரண மழையில்தான் மூழ்கியது. பிறகு காற்று சேர்ந்தது, இடி சேர்ந்தது, பனை உயரத்துக்கு அலை எழுந்தது, கேப்டன் சல்யூட் அடித்தபடியே தண்ணீருக்குள் போனார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்பார்: "இன்னிக்கு எத்தனை பேரைக் கொன்னீங்க?"

"நாப்பது."

"போன வாரம் முப்பதுதானே?"

"இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்திம்மா."

இதற்கிடையில் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் அம்மா, பழைய துறைமுகப் பதிவுகளைத் தூசி தட்டிப் படித்து, மணலில் புதைந்து கிடந்த பலகைகளை ஆள் விட்டு அளந்து, உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். பட்டப்பகல். அலையில்லாத கடல். கப்பல் மணல்திட்டில் தரை தட்டியது. எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து கரையேறினார்கள். புது போர்டும் மாட்டியாயிற்று.

"சார், இனிமே போர்டுல இருக்கறதை மட்டும் சொல்லுங்க. இன்னொரு தடவை புயல் அடிச்சா, ஞாயித்துக்கிழமை நீங்க வீட்டுலயே இருக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை இல்லாத புயலாரா! வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று "தரை தட்டியது, தரை தட்டியது" என்று பழகினார். நீங்களே சொல்லிப் பாருங்கள், அதில் ஏதாவது இருக்கிறதா? பால்காரர் கதவு தட்டியது மாதிரி இருக்கிறது.

ஞாயிறு வந்தது. காப்பாட்சியர் வாசலில் கைகட்டி நின்றார். புயலார் நங்கூரத்தைத் தொட்டார்.

"அந்தக் கப்பல்... தரை..."

எதிரே ஒருவர் கொட்டாவி விட்டார். அவ்வளவுதான். வானம் இருண்டது, இடி இடித்தது, கேப்டன் சல்யூட் அடித்தார், மூழ்கினார்.

"மன்னிக்கணும்" என்றார் கூட்டத்திலிருந்த ஒரு பெண். "அந்தக் கேப்டன் எங்க கொள்ளுத்தாத்தா. கரைக்கு வந்தப்புறம்தான் அவருக்குக் கல்யாணமே ஆச்சு."

புயலார் காப்பாட்சியரைப் பார்த்தார். காப்பாட்சியர் போர்டைப் பார்த்தார்.

"அதைத்தாம்மா சொல்ல வந்தேன், இதெல்லாம் சும்மா கட்டிவிட்ட கதை!" என்றார் புயலார். "நிஜத்துல அன்னிக்கு மேகம் ஒரு பொட்டு இல்ல. வெயில்னா வெயில், அப்படி ஒரு வெயில்! கடல்? கண்ணாடி! முகம் பாத்து ஷேவ் பண்ணலாம். அந்தப் பளபளப்புல கேப்டனுக்குக் கண்ணு கூசி, கப்பல் அப்படியே..." நங்கூரத்தை ஓங்கித் தட்டினார். "தரை தட்டிருச்சு!"

கொட்டாவிக்காரர் கைதட்டினார். கொள்ளுப்பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். காப்பாட்சியர் போர்டை மறுபடி படித்தார். பட்டப்பகல், சரி. அலையில்லாத கடல், சரி.

"அடுத்த ஞாயிறும் வாங்க சார்" என்றார் பெருமூச்சோடு. "ஷேவிங்கை மட்டும் விட்டுடுங்க."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றதே, கணுக்கால் அளவுதானே? அக்காவிடம் போனில் சொன்னபோது அது எதுவரை ஏறியது?