முதிர்ச்சிக்கு இடையூறு செய்யலாகாது

இதை எழுதத் துணிந்தமைக்காகப் பெரியோர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் எழுத்தாளன் அல்லன். ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், சரக்குத் தாமதமானால் வெளிநாட்டுக் கொள்முதலாளர்களிடம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதுவது என் பணி. ஆகவே மன்னிப்புக் கேட்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. கதை சொல்வதில் இல்லை. ஆயினும், இதுகாறும் நாவல்களில் மட்டுமே நிகழ்ந்து வந்த ஒரு மகத்தான சம்பவம், உலக இலக்கிய வரலாற்றிலேயே முதன்முறையாக, வேலூர் மருத்துவமனை ஒன்றின் மூன்றாம் மாடி வராந்தாவில் எங்கள் கண்முன்னே நிகழ்ந்தது. அதைக் கண்டவன் சும்மா இருப்பது இலக்கியத்துக்குச் செய்யும் துரோகம் என்று எங்கள் தலைவர் சொல்லிவிட்டார். அவர் சொல்லைத் தட்டும் துணிவைவிட எழுதும் துணிவு எனக்கு எளிதாக இருந்தது.

எங்கள் 'நாவல் வாசகர் வட்டம்' மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு செல்போன் கடையின் மாடியில் கூடும். தலைவர் கோதண்டபாணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். துணைத் தலைவர் பூங்குழலி, வங்கி அதிகாரி. பொருளாளர் நிசார் அஹமது, தோல் பதனிடும் ரசாயனங்கள் விற்கும் கடைக்காரர். மற்றவர்கள் என்னைப்போல் தலையசைப்பவர்கள்.

பல்லாண்டு வாசிப்பின் பயனாக வட்டம் ஓர் உண்மையைக் 'கண்டுபிடித்திருந்தது'. எந்த நாவலை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் இளைஞன் கண்ணாடிமுன் நின்று தலை வாருகிறான். பிறகு அப்பா நோயில் படுக்கிறார். அம்மாவின் வளையல் கழல்கிறது. கடைசி அத்தியாயத்தில் அதே இளைஞன் வானத்தைப் பார்த்து நிதானமாக மூச்சு விடுகிறான். இடையில் நிகழ்ந்ததற்குப் பெயர் முதிர்ச்சி. மூன்று வேளைச் சோறும், திடகாத்திரமான பெற்றோரும் வாய்க்கப்பெற்ற ஒருவன் முதிர்ந்ததாக நாங்கள் எங்கும் வாசித்ததில்லை. இதனால் கலங்கிய தலைவர், வாலாஜாபேட்டையில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் 'உடல்நலமுள்ள பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இழைக்கும் தீங்கு' என்ற பொருளில் முக்கால் மணி நேரம் பேசினார். பெற்றோர் கைதட்டல் சற்றுக் கம்மியாக இருந்ததாகக் கேள்வி.

நோய்களைத் தரம் பிரித்தவர் பூங்குழலி அம்மையார். நுரையீரல் நோய் முதல் தரம். இருமல் சத்தம் உரையாடலுக்கு நடுவே பொருத்தமாக விழும். இருதயம் இரண்டாம் தரம். சட்டென்று முடிந்துவிடும், முதிர அவகாசம் போதாது. சர்க்கரை எல்லார் வீட்டிலும் இருப்பதால் எவரையும் முதிரச் செய்யாது. மூல நோயால் எந்த நாயகனும் முதிர்ந்ததாகச் சான்று இல்லை.

இந்த இடத்தில் தலைவரின் தனிப்பட்ட துயரம் ஒன்றையும் பணிவோடு குறிப்பிட வேண்டும். அவருடைய மகன் சதீஷ்குமார் பொதுத்தேர்வு எழுதிய ஆண்டில் அந்த வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றினார்கள். தலைவரே நீண்ட விடுப்பு எடுத்து, நாள்தோறும் மகனைத் தேர்வு மையத்தில் இறக்கிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் இளநீரோடு காத்திருந்தார். அதன் விளைவு, பையன் இன்று பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான். முதிர்ச்சி மட்டும் இன்னும் கிட்டவில்லை. "எனக்கு வாய்க்கவில்லை," என்று தலைவர் பெருமூச்சு விடுவார்.

இந்நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக் கூட்டத்துக்கு ஹரிணி வந்தாள்.

ஹரிணி பிளஸ் டூ மாணவி. முந்தைய ஆண்டு வட்டம் நடத்திய நாவல் மதிப்புரைப் போட்டியில் முதற்பரிசு பெற்றவள். பரிசாக அவளுக்கு மேலும் சில நாவல்கள் வழங்கியிருந்தோம். அவள் தந்தை லோகநாதன் ஒரு தோல் பதனிடும் ஆலையில், தோலை ரசாயனத்தில் சுழற்றும் டிரம் பிரிவில் இருந்தவர். நுரையீரலில் சீழ் கட்டி, அறுவை செய்து, நெஞ்சில் குழாயோடு வேலூரில் படுத்திருந்தார். தாய் சந்திரா, ஒரு ஷூ தொழிற்சாலையில் தைக்கிறவர். அந்த அம்மையார் வேலைக்குப் போனால்தான் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு அட்டை உயிரோடு இருக்கும். அட்டை உயிரோடு இருந்தால்தான் கணவர் இருப்பார். ஆகவே, தாய்க்கு விடுமுறையான ஞாயிறு தவிர, வார்டில் அப்பாவோடு இருந்தவள் ஹரிணி.

வேலூர் மருத்துவமனைகளை அறிந்தவர்களுக்கு 'அட்டெண்டர் பாஸ்' பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்கள் பொறுத்தருள்க. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். அதை வைத்திருப்பவர் வார்டு வாசலிலேயே இருக்க வேண்டும். சிஸ்டர் சீட்டு நீட்டினால் கீழே மருந்துக்கு ஓட வேண்டும். நோயாளி இருமினால் முதுகைத் தாங்க வேண்டும். பாஸ் கைமாறலாம். ஆள் இல்லாமல் மட்டும் விடக்கூடாது.

ஹரிணி கேட்டது இதுதான்.

"வெள்ளிக்கெழம கெமிஸ்ட்ரி பப்ளிக் சார். மத்த பரீட்சைக்கெல்லாம் அம்மா லீவு போட்டாங்க. இனிமே போட்டா வேலைக்கே வர வேணாம்னுட்டாங்க. ஆலங்காயத்து மாமா லாரி எடுத்துக்கினு நாக்பூர் போய்ட்டாரு. காலையில ஏழு மணிக்கு யாராச்சும் ஒருத்தர் வந்து பாஸ வாங்கிக்கினா போதும். நான் ஆம்பூர் வந்து எழுதிட்டு, மூணு மணிக்கெல்லாம் திரும்பிடுவேன். எனக்குத் தெரிஞ்ச படிச்சவங்க நீங்கதான்."

தலைவர் அவளை அன்போடு நோக்கினார். "டாக்டராகி ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்வதுதானே உன் லட்சியம்?"

"இல்ல சார். பார்மஸி. மெடிக்கல் ஷாப்புல ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேல செய்யணும்."

அந்தப் பதில் வட்டத்தைச் சற்று வருத்தியது. ஆனால் அப்பாவுக்கு என்ன நோய் என்று கேட்டு, 'நுரையீரல்' என்ற சொல் வந்ததும், தலைவரும் பூங்குழலி அம்மையாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹரிணியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

விவாதம் மிக உயர்ந்த தளத்தில் நடந்தது. ஓர் இளம் உயிர் குடும்பத் துன்பத்தாலும் நோயாலும் முதிரப்போகும் அரிய தருணம் இது; இதில் கைவைப்பது, பொரிந்துகொண்டிருக்கும் முட்டையை உடைத்துக் குஞ்சை வெளியே இழுப்பதற்குச் சமம் என்றார் தலைவர். எல்லாரும் தலையசைத்தோம்.

நிசார் பாய் மட்டும் நாற்காலியில் நெளிந்தார். "நம்மள்ல ஒருத்தர் போய் உக்காந்தா இன்னா சார்? நானே போறேன். கடைய தம்பி பாத்துக்குவான்."

"பாய், நாலாவது அத்தியாயத்தில் ஒரு நல்லவர் வந்து பாஸை வாங்கிக்கொண்டால், மீதி முந்நூறு பக்கம் என்ன ஆகும்?"

"அது இன்னாவோ ஆவட்டும் சார். பொண்ணு பரீட்சை எழுதும்."

இவ்வளவு ஆழமற்ற விமர்சனத்தை எங்கள் வட்டத்தில் அதுவரை எவரும் முன்வைத்ததில்லை. பூங்குழலி அம்மையார்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "உதவி பண்ணணும்ங்கிறது உங்க ஆசை, பாய். அவ வளர்ச்சிய யோசிச்சீங்களா?"

"எனக்கு இலக்கியம் கம்மிதான்," என்று நிசார் பாய் ஒப்புக்கொண்டு, மேசை விரிப்பின் நூலைப் பிரிக்கத் தொடங்கினார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வட்டத்தின் உறுப்பினர் எவரும் பாஸைத் தொடக் கூடாது. அதே வேளையில் பெண்ணைத் தனியே விடுவதும் மனிதத்தன்மை ஆகாது என்பதால், வெள்ளியன்று வட்டம் முழுவதும் ஒரு கூடை ஆப்பிளோடு வேனில் சென்று, முதிர்ச்சி நிகழ்வதை உடனிருந்து காண வேண்டும்.

தலைவர் வெளியே வந்து ஹரிணியின் தலையில் கைவைத்தார். "கவலைப்படாதே அம்மா. வெள்ளிக்கிழமை வட்டமே வரும்." அவள் சிரித்தாள். படியிறங்கும்போது இரண்டு இரண்டு படியாகத் தாண்டியதைப் பார்த்த பூங்குழலி அம்மையார், இன்னும் எவ்வளவு முதிர வேண்டியிருக்கிறது என்று என் காதில் சொன்னார்.

வெள்ளியன்று பள்ளிகொண்டா அருகே இட்லிக்காக நிறுத்தியதில் சிறு தாமதம் ஏற்பட்டது. அதற்கு வட்டத்தின் சார்பில் வருந்துகிறேன். ஆயினும் ஏழே முக்காலுக்குள் மூன்றாம் மாடியை அடைந்துவிட்டோம். ஹரிணி சீருடையில், எண்ணெய் வைத்து வாரிய இரட்டைச் சடையோடு, ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் பிடித்தபடி லிஃப்ட் எதிரிலேயே நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"இன்னா சார், இத்தினி பேரு வந்துக்கிறீங்க. ஒருத்தர் போதுமே." கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி நீட்டினாள். "சிஸ்டர் கிட்ட சொல்லிட்டேன். அப்பா கஞ்சி குடிச்சிட்டாரு. இருமுனா மட்டும் முதுவுல கை குடுங்க."

நிசார் பாயின் கை நீண்டது. தலைவர் அந்தக் கையைத் தோழமையோடு பற்றிக் குலுக்கி, குலுக்கியபடியே வைத்துக்கொண்டார்.

பிறகு எங்களை வராந்தா பெஞ்சுகளில் அமர்த்திவிட்டுத் தலைவர் பேசினார். தேர்வுகள் வரும், போகும். வாழ்க்கைதான் பெரிய பள்ளிக்கூடம் என்றார். அவள் ஒரு கையில் பாஸும் மறு கையில் ஹால் டிக்கெட்டுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், பஸ்ஸு போய்டும்."

"ஜூன்ல துணைத் தேர்வு இருக்கும்மா," என்றார் பூங்குழலி அம்மையார்.

"அந்த ரிசல்ட்டு வர்றதுக்குள்ள காலேஜு சீட்டு போய்டும், மேடம்."

அவளுடைய நீட்டிய கை இன்னும் இறங்கவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னையும் பார்த்தாள். நான் எழுந்தேன்.

"நன்றியுரைதானே? சுருக்கமாக இருக்கட்டும்," என்றார் தலைவர்.

இத்தகைய அவையில் நன்றி நவிலும் வாய்ப்பு எனக்கு அதுவரை அமைந்ததில்லை. வேன் ஓட்டுநர், லிஃப்ட் இயக்குநர் உள்ளிட்ட அனைவருக்கும் நன்றி தெரிவித்தேன். எந்தச் சொல்லில் என்று நினைவில்லை, அவள் கை இறங்கிவிட்டது.

உள்ளிருந்து சிஸ்டரின் குரல் வந்தது. "லோகநாதன் அட்டெண்டர்!"

ஹரிணி பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சீட்டை வாங்கி ஓடினாள். மருந்தோடு ஏறி வந்தபோது, வராந்தாக் கடிகாரத்தைக் கடந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவு திறந்திருந்ததால் உள்ளே பேசியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. லோகநாதனின் குரல் காற்றுப்போன டயர்போல் வந்தது.

"இன்னா கண்ணு, நீ இன்னும் பரீட்சைக்குப் போகல?"

"தள்ளி வெச்சிட்டாங்கப்பா. இன்னொரு நாளு வருமாம்."

"நெசமாவா?"

"ஆமாப்பா. கொஸ்டின் பேப்பர் எங்கியோ அவுட்டாய்டுச்சாம். நீ படு."

தலைவர் என் முழங்கையை இறுகப் பற்றினார். "இதோ! பார்த்தீரா? இதோ!" அவர் கண்கள் கலங்கியிருந்தன. பூங்குழலி அம்மையார் கைக்குட்டையை எடுத்தார். நிசார் பாய் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். இலக்கியம் கம்மியாக இருப்பவர்கள் இத்தகைய தருணங்களைத் தவறவிடுவது இயல்பு.

அதன்பின் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். லோகநாதன் வீடு திரும்பினார். வேலைக்குத் திரும்ப முடியவில்லை. ஜூன் மாதத் துணைத் தேர்வின்போது ஹரிணி தாயின் தொழிற்சாலையிலேயே பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். பயிற்சிக் காலத்தில் விடுப்பு இல்லை. வட்டத்தின் ஆண்டு விழாவில் அவளைப் பேச அழைத்தோம். "டைம் இல்ல சார்" என்று பதில் வந்தது. சொற்சிக்கனம் முதிர்ச்சியின் அடையாளம் என்று தலைவர் அதையே மேடையில் மேற்கோள் காட்டினார்.

வட்டத்தின் முடிவு சரிதானா என்று எனக்குச் சிறிது ஐயம் இருந்தது. ஆகவே ஒருநாள் மாலை, ஷூ தொழிற்சாலைப் பேருந்திலிருந்து அவள் இறங்கும் இடத்தில் காத்திருந்தேன். கழுத்தில் பாஸ் தொங்கிய இடத்தில் தொழிற்சாலையின் அடையாள அட்டை தொங்கியது. விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது.

"ஏதாவது உதவி வேண்டுமா, அம்மா?" என்றேன்.

என்னைப் பார்த்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "ஒண்ணும் வேணாம் சார்," என்று சொல்லிவிட்டு, பாதையைப் பார்த்து ஒவ்வோர் அடியாக நிதானமாக நடந்துபோனாள்.

என் ஐயம் தீர்ந்தது. முன்பு அவள் கேட்டாள். இப்போது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. இதைத்தானே நாவல் படிக்கும் நாம் அனைவரும் முதிர்ச்சி என்கிறோம்.

சரக்கு சேதமானால், கடிதத்தின் இறுதியில் இழப்பைத் தனியே குறித்துவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். அவ்வண்ணமே குறிக்கிறேன். பிழையிருப்பின் மன்னிக்கவும்.

லோகநாதன் இழந்தது: வலப்புற நுரையீரலில் ஒரு பகுதி, டிரம் பிரிவு வேலை.

சந்திரா இழந்தது: விடுப்பு முழுவதும்.

ஹரிணி இழந்தது: வேதியியல் தேர்வு, பார்மஸி படிப்பு, ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி, படியைத் தாண்டி இறங்கும் பழக்கம்.

வட்டம் இழந்தது: ஆப்பிள் ஒரு கூடை. அதையும் வார்டுக்குள் அனுமதிக்காததால் திரும்ப எடுத்துவந்து, வேனிலேயே தின்றுவிட்டோம். ஆகவே, இழப்பு ஏதுமில்லை.