வெள்ளிக்கிழமை வரை பொறுக்காத நோய்

உலகத்தில் நோயாளிகள் உண்டு, வைத்தியர்கள் உண்டு; இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத முன்னாயத்தக்காரர் என்று ஓர் இனமும் உண்டு. நோய் வந்த பிறகு இவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வருவதற்கு முன்னால் இவரைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை இறங்கினால் போதும், மழைக்கு மறுநாள் காளான் முளைத்த மாதிரி ஊருக்கு ஒருவராக முளைத்துவிடுவார். கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் ஒரு தடித்த பைல், வாயில் “அடுத்தது வரும், வந்தே தீரும்” என்ற வாக்கு. அதைச் சொல்லும்போது முகத்தில் கவலை இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரம் செய்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நிற்கிற தகப்பனின் பரபரப்புத்தான் இருக்கும்.

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இந்த இனத்தின் கலப்படமில்லாத பிரதிநிதி ஒருவர் இருக்கிறார். பெயர் சின்னராசா. தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர். எதிர்காலப் பெருந்தொற்று முன்னாயத்தக் குழுவின் செயலாளர். குழுவில் பன்னிரண்டு பேர். கூட்டத்துக்கு வருவது அவரும் அவருக்கு வரும் தேத்தண்ணியும் மட்டும். ஆனாலும் கூட்டக் குறிப்பில் “அனைவரும் ஏகமனதாக” என்ற சொல் ஒருநாளும் தவறியதில்லை.

மாதம் ஒரு ஒத்திகை. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போக அவசரப்பட்டு நிற்கும் பெண்களை ஒரு மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, “எங்க, எல்லாரும் ஒருக்கா இருமுங்க பாப்பம்!” என்பார். இருமுவார்கள். “உணர்ச்சி பத்தாது, இன்னொருக்கா!” என்பார். போன ஒத்திகையில் சோலைமலைக் கண்காணி இருமிய இருமலைக் கேட்டு, தோட்டத்து மருந்துச் சாலையில் அவருக்கு உண்மையாகவே பாணி மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். பாவம், மனிதர் அதையும் குடித்துவிட்டார்.

சின்னராசாவின் வாழ்நாள் சாதனை தனிமைப்படுத்தல் அறை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவைக் காலி செய்து, பிள்ளைகளைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே பத்துக் கட்டில் போட்டிருந்தார். கட்டில்களின் பொலித்தீனை யாரும் கிழிக்கக் கூடாது. இரண்டாயிரம் முகக் கவசங்கள். வாந்திபேதிக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனிப் பொடி நூற்றைம்பது பக்கெட். அதைக் கோயில் கோபுரம் மாதிரி அடுக்கி, உச்சியில் ஒரு வெப்பமானியை நட்டுவைத்திருந்தார். வாசலில் சிவப்பு ரிப்பன். ரிப்பன் இருக்கும்போது பூட்டு எதற்கு? வெள்ளிக்கிழமை பத்து மணி சுபநேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து அதை வெட்டுவதாக ஏற்பாடு.

அறைக்கு வெளியே கை கழுவ ஆறு தொட்டிகள். எல்லாம் சரி, தண்ணீர்தான் இல்லை. அதிகாரி கையை நீட்டும்போது குழாய் காற்றை ஊதினால் மானம் போகாதா? ஆகவே திங்கட்கிழமையே மலை உச்சித் தாங்கியிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வரும் குழாயைத் திருப்பித் தொட்டிகளில் மாட்டிவிட்டார். லயத்துச் சனங்களுக்குப் பெரட்டில் அறிவித்தார்: “வெள்ளிக்கெழம வரைக்கும் கீழப் பீலியில தண்ணி புடிச்சுக்குங்க. நாட்டுக்காக நாலு நாள் பொறுக்க மாட்டீங்களா?”

ஊற்றுத் தண்ணீர் விழும் அந்தக் கீழப் பீலிக்கு மேலேதான் மரக்கறித் தோட்டம். கோழி எரு புதிதாகப் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை நல்ல மழை.

புதன்கிழமை மத்தியானம், ஐந்து வயது மகள் லோஜினியைத் தோளில் போட்டுக்கொண்டு நிஷாந்தி ஓடிவந்தாள். கொழுந்து எடுக்கப் போனவள், பாதி மலையில் செய்தி கேட்டு இறங்கியவள்.

“ஐயா, புள்ள காலையிலருந்து பத்துத் தடவ போயிட்டா. குடுக்கிற தண்ணியெல்லாம் வாந்தியா வருது. கண்ணு சொருகுதுங்கய்யா.”

சின்னராசாவுக்கு இரக்கம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, உண்மையாகவே வந்தது. ஆனால் அதை முந்திக்கொண்டு இன்னொன்று வந்தது: இன்றைக்குப் புதன்கிழமை.

“நிஷாந்தி, இந்த ரூம் இன்னும் தொறக்கலியே. வெள்ளிக்கெழம பத்து மணிக்கில்ல சுபநேரம்.”

“அத நோய்க்கு யாரும் சொல்லலீங்களே.”

அதிலும் நியாயம் இருந்தது. படிவத்தை எடுத்தார்.

“இருமல் இருக்கா?”

“இல்லீங்க.”

“வீட்டுக்கு வெளிநாட்டுலருந்து யாராச்சும் வந்தாங்களா?”

“பக்கத்து ராகலையிலருந்து எங்க நாத்தனா வந்துச்சு.”

“ருசி தெரியுதா?”

“கஞ்சியக் கண்டாலே மூஞ்சத் திருப்புறா.”

சின்னராசா பேனாவை மூடினார். மனம் நொந்துபோனது அவருக்கு. மூன்று வருடம் பாடுபட்டுக் காத்திருந்தது மூச்சு வழியாக வரும் நோய்க்கு. இது மரியாதையில்லாமல் வயிற்று வழியாக வந்து நிற்கிறது. “இது நம்ம திட்டத்துல இல்லாத நோய்ம்மா. இதுக்கு வேற குழுதான் போடணும்.”

“அந்தா, ஜன்னல்ல தெரியுதே ஜீவனி, அதுல ரெண்டு பக்கெட்டாவது குடுங்கய்யா!”

“அதுல கை வச்சா கோபுரம் சரிஞ்சிருமே. போட்டோ எடுக்கணும்.”

நிஷாந்தி பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். கவ்வாத்து மலையிலிருந்து இறங்கிவந்து வேடிக்கை பார்த்து நின்ற சோலைமலையின் கையிலிருந்து கவ்வாத்துக் கத்தியைப் பிடுங்கினாள். தேயிலைச் செடியைக் கணுவோடு சீவுகிற கத்திக்கு ரிப்பன் எம்மாத்திரம்? ஒரே வெட்டு. ரிப்பன் விழுந்ததும் பழக்கதோஷத்தில் சின்னராசாவின் கைகள் இரண்டு தட்டுத் தட்டிவிட்டன.

கோபுரம் சரிந்தது. பொலித்தீன் கிழிந்தது. பின்னேரத்துக்குள் லயங்களிலிருந்து இன்னும் ஒன்பது பேரைத் தூக்கிவந்தார்கள். பத்துக் கட்டிலும் நிறைந்தது. லோஜினிக்கு ஜீவனி மட்டும் போதாது, சேலைன் ஏற்ற வேண்டும் என்று மருந்துச் சாலைக்காரர் சொல்ல, ஆம்புலன்ஸ் வந்து அவளையும் நிஷாந்தியையும் நுவரெலியாவுக்கு ஏற்றிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை வாசலில் புது ரிப்பன். அறைக்குள் ஒன்பது பேர் முனகிக் கிடக்க, ஒரு கட்டில் மட்டும் காலி. வரிசையில் அந்த ஓட்டை சின்னராசாவின் கண்ணை உறுத்தியது.

“சோலைமல, நீங்க அதுல படுத்துக்குங்க.”

“எனக்கு ஒன்னும் இல்லீங்களே!”

“அதனாலதான் கூப்பிடுறேன். சீக்குக்காரங்களுக்கு ஒழுங்கா நடிக்க வராது.”

அதிகாரி வந்தார், ரிப்பனை வெட்டினார், கட்டில் கட்டிலாகப் பார்த்தார். ஒத்திகை என்று நினைத்துக்கொண்ட அவருக்குப் புல்லரித்துப்போனது. “ஹரி ஹொந்தாய்! ஹரி ஹொந்தாய்!” என்று சிங்களத்தில் மெச்சிக்கொண்டே நடந்தவர், சோலைமலையின் இருமலைக் கேட்டு அங்கேயே நின்று கைதட்டினார். நாலாம் கட்டிலில் கிடந்த வீரய்யா தலையைத் தூக்கினார்.

“சார், லயத்துக்கு வர்ற கொழாயக் கொண்டாந்து...”

“பாத்தீங்களா சார்,” என்றார் சின்னராசா, “நோய்ல கெடந்தாலும் கொழாயப் பத்தித்தான் பேசுறாங்க. அந்தளவுக்கு விழிப்புணர்வு!”

அதிகாரி தொட்டியில் கை கழுவினார். தண்ணீர் அருவியாகக் கொட்டியது. அருமையான படம்.

சின்னராசா எழுதி அனுப்பிய அறிக்கையும் அருமை. “நோய்க் காரணம்: மக்களிடம் கை கழுவும் பழக்கக் குறைபாடு. பரிந்துரை: மேலும் நான்கு தொட்டிகள், தற்போதைய நீரிணைப்பு அப்படியே தொடர வேண்டும். முன்னாயத்த நிலை: மிகத் திருப்தி.” மாவட்டத்துத் தோட்டங்களில் முதலாமிடம். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தோடு வந்தது. சட்டத்தின் ஒரு மூலை மட்டும் வழியில் உடைந்திருந்தது. அதுதான் சின்னராசாவுக்கு இன்றுவரை தீராத மனக்குறை.

சிரித்தீர்களா? தாராளமாகச் சிரியுங்கள், இப்படி ஒரு மனிதரைப் பார்த்துச் சிரிக்காமல் வேறு என்ன செய்வது? ஒரு சின்ன விசாரணை மட்டும் பாக்கி. கட்டில் காலியானதை வாசித்தீர்கள், சோலைமலை அதில் படுத்ததை ரசித்தீர்கள், எத்தனையாம் இடம் என்பதையும் கவனித்தீர்கள், சட்டத்தின் மூலை உடைந்ததற்கு ஒரு “அடடா” கூடச் சொல்லியிருப்பீர்கள். இதற்கு நடுவில் ஒரு தடவையாவது, ஆம்புலன்ஸில் போன அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்டீர்களா?

பிழைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாளாம். கேட்டவர்கள் நிம்மதியாகப் போய் வேலையைப் பாருங்கள். கேட்காதவர்கள் கொஞ்சம் இருங்கள். சின்னராசாவுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, செயலாளர் நாற்காலி காலி.