நீளாத கயிறு

தேயிலைப் பெட்டி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பங்களா முற்றத்து மரக்கிளையில் நைலோன் கயிற்றைக் கட்டிப் பெட்டியைத் தொங்கவிட்டபோது தரைக்கு ஒரு சாண் உயரத்தில் ஆடியது. சேனாரத்ன துரையும் அலவி முதலாளியும் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அது புல்லில் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டது.

"பாத்தீங்களா முதலாளி, நீளுது!" என்றார் துரை. "படகுப் பாய்மரத்த இதால இழுத்துக் கட்டினா, காத்தடிச்சதும் மரம் சாஞ்சிரும். சரிவராது."

கயிறு சரிவராததில் துரைக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று அலவிக்கு விளங்கவில்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பண்டாரவளை பஜாரில் அவருடையது இரும்புச் சாமான் கடை. வாப்பா காலத்திலிருந்தே அந்தக் கடையில் 'இல்லை' என்ற சொல் கிடையாது. கேட்ட சாமான் இருந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் "வரும்" என்பார்கள். 'இல்லை' என்று வாயால் சொன்னால் கடையின் பரக்கத், அல்லாஹ் தந்த விருத்தி, போய்விடும் என்பது வாப்பாவின் நம்பிக்கை. கடைசிக் காலத்தில் டொக்டர் அவரிடம், "வலி இருக்கா?" என்று கேட்டதற்கு, பாவம் மனிதர், "வரும்" என்றுதான் சொன்னார். டொக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனார்.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிய புதிது. பழைய துரை கொட்டகையில் ஒரு பாய்ப்படகை விட்டுப் போயிருந்தார். தோட்டத்துக் குளத்தில் அதை ஓட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு புதுத் துரை கடைக்கு வந்து, "டெரிலின் கயிறு இருக்கா?" என்று கேட்டார். நூல்கண்டுக்கே ஜனங்கள் வரிசையில் நின்ற காலம் அது. டெரிலினில் சட்டை தைப்பார்கள் என்பதுவரை அலவிக்குத் தெரியும். கயிறும் திரிப்பார்களா? அவர் யோசித்து முடிப்பதற்குள் வாய் பழக்கதோஷத்தில், "வரும், தொரை" என்றுவிட்டது.

அந்த "வரும்"தான் இப்போது நைலோனாக வந்து புல்லில் உட்கார்ந்திருந்தது.

"கெடைக்காட்டிப் பரவாயில்ல," என்றார் துரை மிகவும் அன்பாக. "இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா நானும் விட்டுர்றேன்."

அலவிக்குச் சுருக்கென்றது. "வரும், தொரை. கயிறு நீளும்னா, கம்பி போட்டா என்ன?"

துரையின் முகம் சற்று வாடியது. பிறகு ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னார். "கம்பி நீளாதுதான். ஆனா துருப்பிடிக்கக் கூடாது. மெல்லிசா இருக்கணும். பிரி விட்டுக் கையக் கிழிக்கக் கூடாது. கம்பி மரத்தப் பிடிக்கத்தான். பாய ஏத்தி இறக்க எப்படியும் டெரிலின் கயிறு வேணும்."

விறாந்தையிலிருந்து துரைசானி எட்டிப் பார்த்தாள். "இந்தக் கிழமையாவது படகு விடுவீங்களா?"

"சாமான் வரட்டும்! சாமான் இல்லாம என்ன செய்யிறது?" என்று துரை ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்த பங்களாச் சமையல்காரன் மாடசாமி பெருமூச்சு விட்டான்.

அடுத்த கிழமை அலவி கம்பியோடு வந்தார். பூனாகலைப் பக்கம் மலை உச்சியிலிருந்து கொழுந்து மூட்டை இறக்கிய பழைய கம்பி. நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

துரை அதைச் சுற்றி வந்தார். "இதக் கட்டினா படகு குளத்துக்கு அடியிலதான் ஓடும்," என்று வாய்விட்டுச் சிரித்தார். "போதும் முதலாளி. இல்லைன்னு சொல்லிடுங்க."

"வரும், தொரை."

வீம்புக்குக் கடையைப் பூட்டிவிட்டு அலவி திருகோணமலைக்கே போய்விட்டார். அங்கே துறைமுகத்தில் அவருடைய மச்சான் காமில் வேலை செய்தான். பாறையில் மோதி உடைந்த வெளிநாட்டுப் படகொன்றின் சாமான்களை யாரோ விற்றுக்கொண்டிருந்தார்கள். அலவி ஒரு சாக்கோடு திரும்பினார். சாக்குக்குள் நீல நூல் ஓடிய வெள்ளைக் கயிறு. கூடவே எவர்சில்வர் தம்ளர் மாதிரிப் பளபளக்கிற மெல்லிய கம்பி.

மறுபடியும் பெட்டி தொங்கியது. தேத்தண்ணி குடித்தார்கள். பெட்டி அசையவில்லை. இன்னொரு தேத்தண்ணி குடித்தார்கள். துரை முழங்காலிட்டுப் பெட்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். ஒரு சாண் அப்படியே இருந்தது. எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அடடா, நன்றியுள்ள மனுசன் என்று அலவி நினைத்துக்கொண்டார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழம!" என்று துரைசானி கைதட்டினாள்.

துரை அவசரமாக அலவி பக்கம் திரும்பினார். "படகுல ரெண்டு பேர் வேணுமே. ஒருத்தர் கயித்தப் பிடிக்கணும். கயித்தப் பத்தித் தெரிஞ்சவர் முதலாளிதான். ஆனா கடைய விட்டுட்டு உங்களுக்கு வர ஏலாது, இல்லையா?"

அலவிக்குத் தண்ணீர் என்றாலே குலை நடுங்கும். பஸ் பாலத்தில் ஏறினாலே கண்ணை மூடிக்கொண்டு ஓதுகிறவர். 'இல்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அல்லாஹ்மேல் ஆணையாக, அதற்குத்தான் திறந்தார்.

"வாரேன், தொரை," என்றது வாய்.

வீட்டில் மனைவி றஷீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க கெணத்தயே எட்டி நிண்டு பாக்கிற ஆளு! வாயத் தொறந்து ஏலாதுன்னு செல்ல வேண்டியதுதானே? மவுத்தாப் போனா என்ன செய்வீங்க?"

"கடைப் பேரு கெட்டிருமே, புள்ள."

"கடைக்குப் பேரு நல்லாத்தான் ஈக்கும். ஆளுதான் ஈக்காது!"

ஞாயிற்றுக்கிழமை தோட்டமே குளக்கரையில் கூடியிருந்தது. கச்சான் காற்று நன்றாக வீசியது. பாய் ஏறியதும் படகு சட்டென்று கரையை விட்டு நகர்ந்தது. துரை பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"முதலாளி," என்றார் மெதுவாக, "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"வரும், தொரை," என்றார் அலவி.

துரைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பாய்மரத்தை விட்டுவிட்டு அலவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கயிறு நீளவில்லை, கம்பி இளகவில்லை. நைலோனாக இருந்தால் மரம் கொஞ்சம் சாய்ந்து காற்றை விட்டிருக்கும். இது இத்தனை நல்ல சாமானாக இருந்ததால் வந்த காற்று முழுவதையும் படகுதான் வாங்கிக்கொண்டது. குளத்தின் அந்தக் கரைவரை விறுவிறுவென்று ஓடி, அங்கே குப்புறக் கவிழ்ந்தது. நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் விடாமல் நின்று, கூட்டம் ஓடிவந்து இழுக்கும்வரை கத்தினார்கள்.

கரையில் மாடசாமி அலவிமேல் கம்பளியைப் போர்த்தினான். அலவி நடுங்கிக்கொண்டே கேட்டார். "படகு விட ஆசைப்பட்டவருக்கு நீச்சல் தெரியும்தானே? பின்ன என்னத்துக்கு மாடசாமி என்னயக் கட்டிப் புடிச்சாரு?"

மாடசாமி துரைசானி நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தான். "அவருக்கு எங்கங்க தெரியும்? படகுப் போட்டியில ஜெயிச்சவருன்னு தொரைசானிகிட்ட பெருமையடிச்சுப்புட்டு, தப்பிக்க வழியில்லாம, நாட்டுல எந்தக் கடையிலயும் கெடைக்காத சாமானாப் பாத்துத்தாங்க ஒங்ககிட்ட கேட்டாரு. ஒரே ஒரு தடவ 'இல்ல'ன்னு சொல்லியிருக்கக் கூடாதா, மொதலாளி?"