ஓவியர் சுருளிக்குப் பொன்னாடை

நாற்காலிகளை அடுக்கிவிட்டு ஏணியில் ஏறப்போன ஆளை ஜெயராம் மறுபடியும் அதட்டினார். "ஏய், அந்தப் படத்த நேரா மாட்டுப்பா. கண்ணு எங்க இருக்கு?"

விழாவுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். ஓவியர் சுருளியைக் காணோம். வருசநாட்டு மலையில் பிறந்த பளியர் பழங்குடிக்காரர் அவர். ஜப்பானுக்குப் போய் ஓவியம் படித்தவர். கொடியைப் பிடித்துப் பாறையில் இறங்கித் தேனெடுக்கும் தன் சனத்தை, ஜப்பானியர் பாணியில் கறுப்பு மையால் வரைந்திருந்தார். மதுரைக்கே இது புதுசு என்று கலை மன்றச் செயலாளரான ஜெயராம் ஊரெல்லாம் பெருமையடித்திருந்தார். ஓவியரின் முகத்தை மட்டும் அவர் பார்த்ததில்லை.

உதவியாளர் தமிழ்வாணி போனும் கையுமாக வந்தாள். "சார், அவரு வந்து ஒரு மணி நேரமாச்சாம். ஹாலுக்குள்ளதான் இருக்காராம்."

ஜெயராம் சுற்றிப் பார்த்தார். முன்வரிசையில் கோட்டு சூட்டோடு ஒருவர். விழாவுக்குப் பணம் கொடுத்த ஜப்பான் அமைப்பு அனுப்பிய அதிகாரி என்று பார்த்ததுமே கண்டுகொண்டு, பேசவிடாமல் உபசரித்து உட்கார வைத்தாயிற்று. மிச்சம் இருப்பது ஏணியில் நிற்கும் அழுக்குச் சட்டைக்காரர்தான். எம்புட்டுப் பெரிய கலைஞரை நாற்காலி தூக்க வைத்துவிட்டோமே என்று ஜெயராம் கூசிப்போனார்.

"அய்யா, மொதல்ல எறங்குங்க" என்று கையைப் பிடித்தார். லைட்டு வேலை பாதியில் கிடக்கிறது என்று அவர் தயங்கினார். என்ன ஒரு அடக்கம் என்று ஜெயராமுக்கு வெட்கம் இரண்டு மடங்காயிற்று. அவரை வாயைத் திறக்கவிடாமல் மேடையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

அப்புறம் லைட்டை யார் கட்டுவது? தானே ஏணியில் ஏறினார். ஒயரை மாற்றிச் சொருகியதில் பட்டென்று ஃபியூஸ் போய், படங்கள் இருந்த பக்கம் முழுக்க இருண்டது. கோட்டுக்காரர் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஜெயராம் மேலிருந்தே அவரிடம் புலம்பினார்.

"வேலையாள்னு நெனச்சுட்டேன் சார். ஆளப் பாத்தா அப்படித்தான இருக்காரு."

"எப்படி இருக்காரு?"

"மலையில இருந்து வந்தவுக இப்படித்தான சார் இருப்பாக."

கோட்டுக்காரர் ஏணியை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

கூட்டம் சேர்ந்தது. ஜெயராம் அரையிருட்டிலேயே மேடையேறி, அங்கே உட்கார்ந்திருந்தவருக்குப் பொன்னாடை போர்த்தி, சபையறியக் காலைத் தொட்டார். ஒரு மாபெரும் கலைஞரைத் தோற்றத்தை வைத்து எடைபோட்ட பாவி நான் என்று மைக்கில் தழுதழுத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அவமானமெல்லாம் கழுவிவிட்டாற்போல் மனசு லேசாகி, மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

அவர் பொன்னாடையை மெதுவாக எடுத்து மடித்தார்.

"அண்ணே, நான் உசிலம்பட்டி மலையாண்டி, லைட்டு கட்ட வந்தவன், உள்ள வந்ததுமே தன் பேரச் சொல்லி எனக்குக் கை குடுத்தாரு பாருங்க, அந்தக் கோட்டுக்காரருதான் சுருளி."