கண்ணாடியின் நலன் கருதி

கட்டடம் கட்டுவது பெரிய காரியமே இல்லை. கல்லும் மண்ணும் இருந்தால் எவனும் கட்டுவான். கட்டியதைக் காப்பாற்றத்தான் ஞானம் வேண்டும், பொறுமை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அலுவலகம் வேண்டும். அப்படிப்பட்ட அலுவலகங்களில் தலைசிறந்தது பழந்தானியக் கிடங்குப் பாதுகாப்பு அலுவலகம். முந்நூறு வருஷம் மழைக்கும் இடிக்கும் அசராமல் நின்ற கிடங்கு அது. அலுவலகத்தின் 'பாதுகாப்பு'க்குள் வந்து ஏழு வருஷம்தான் ஆகிறது.

இந்த மகத்தான பணியில் வருஷத்துக்கு நாலு மாதம் பங்குபெறும் பாக்கியம் கொத்தனாரம்மாவுக்குக் கிடைத்திருந்தது. மழை விட்டதும் கூப்பிடுவார்கள். அடுத்த மழை பிடித்துக்கொண்டதும் அனுப்பிவிடுவார்கள். ஈரத்தில் சுண்ணாம்பு இறுகாது என்பது காரணம். மீதி எட்டு மாதம் கட்டடம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இந்த முறை அவளுக்கு வடக்குச் சுவரில் வேலை. உச்சியிலிருந்து தரைவரை சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஒரு விரிசல். அதன் குறுக்கே ஒரு சாண் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சாந்து பூசி ஒட்டி, பக்கத்தில் தேதியைக் கீற வேண்டும். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாவிட்டால் சுவர் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். பொய் சொல்லத் தெரியாத கருவி அது, ஆகவே அலுவலக வாழ்க்கைக்குக் கொஞ்சமும் லாயக்கில்லாதது.

விரிசலுக்கு நேர் கீழே, கிடங்கைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கான டிக்கெட் கவுண்டர். அங்கே உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பவள் கொத்தனாரம்மாவின் கூடப்பிறந்த அக்கா.

ஒன்பதாம் நாள் கண்ணாடி உடைந்தது. கொத்தனாரம்மா அதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

“சார், கண்ணாடி உடைஞ்சிருச்சு.”

“யார் உடைச்சது?”

“சுவர் சார்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “சுவர் மேல பழி போடாதம்மா. அது முந்நூறு வருஷமா இங்க இருக்கு. நீ வந்து ஒம்பது நாள்தான் ஆச்சு.”

“சுவர் நகருது சார். அடியில குழாய் ஒழுகி மண்ணு கரைஞ்சு போச்சு. முட்டுக் கொடுத்து, குழாய மாத்தி, அஸ்திவாரத்தக் கட்டிட்டா போதும். பதினஞ்சு நாள் வேலை.”

“உன் ஆணையில என்ன போட்டிருக்கு?”

“கண்ணாடி ஒட்டணும்னு.”

“அப்ப ஒட்டு.”

அன்றைக்கே ஒரு மெமோ வந்தது. 'மேற்படி சுவரில் பொருத்தப்பட்ட கண்ணாடி இன்று உடைந்த நிலையில் காணப்பட்டது. இதற்குத் தங்கள் விளக்கம் என்ன?' கீழே தேதி, முத்திரை, அதிகாரியின் அழகான கையெழுத்து. நகல் ஒன்று இரும்பு பீரோவுக்குள் போயிற்று.

இரண்டாவது கண்ணாடி ஆறு நாள் தாங்கியது. மூன்றாவது, நாலே நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெமோ, ஒவ்வொரு மெமோவுக்கும் பீரோவில் ஒரு நகல். ஒன்பது, ஆறு, நாலு. இடைவெளி குறைந்துகொண்டே வருவதைக் கொத்தனாரம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சாந்துச் சட்டியைப் போட்டுவிட்டு அக்காவிடம் போனாள்.

“அக்கா, கண்ணாடி மறுபடியும் உடைஞ்சிருச்சு.”

“கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குடி? தினம் என் தலையில மண்ணு கொட்டுதே, அது போதாதா?”

“அப்ப எழுந்திரேன்!”

“எழுந்தா மெமோ வரும். உக்காந்திருந்தா சுவர் வரும். சுவர் என்னிக்கு வருமோ தெரியாது. மெமோ உடனே வந்துடும்.” அக்கா அடுத்த டிக்கெட்டைக் கிழித்தாள்.

தொடர் உடைப்பு குறித்து விவாதிக்க அவசரக் கூட்டம் கூடியது. வெளியிலிருந்து நிபுணர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். சுவரைப் பார்த்தால் தன் கருத்து ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதால் அவர் சுவரைப் பார்க்கவில்லை.

“கண்ணாடி உடையலேன்னா சுவர் நகரலேன்னு அர்த்தம். சரிதானே?” என்றார் நிபுணர்.

“சரிதான்” என்றது கூட்டம்.

“அப்போ உடையாத கண்ணாடியா ஒட்டிட்டா, சுவர் எப்படி நகரும்?”

இப்பேர்ப்பட்ட விஷயம் முந்நூறு வருஷமாக ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எல்லோரும் மலைத்துப்போனார்கள். மறுநாளே தடித்த பிளாஸ்டிக் பட்டை ஒன்று வந்து சேர்ந்தது. 'உடையாக் கண்ணாடி' என்று அதற்குப் பெயர்.

“சார், இது வளையும். உடையாது” என்றாள் கொத்தனாரம்மா.

“அதத்தானம்மா நாங்களும் சொல்றோம்” என்றார் அதிகாரி, பரிவோடு.

அவள் ஒட்டினாள். ஒட்டும்போதே அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. இந்த அலுவலகத்தில் சுவருக்காகப் பேசினால் காது கேட்காது, அக்காவுக்காகப் பேசினால் சுத்தமாகக் கேட்காது, கண்ணாடிக்காகப் பேசினால் மட்டும் எல்லாக் காதும் திறந்துகொள்ளும். மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து, அவர்கள் பாஷையிலேயே ஒரு மனு எழுதினாள்.

'புதிய கண்ணாடியின் நலன் கருதி, பொதுமக்களின் மூச்சுக்காற்று, தும்மல், டிக்கெட் கிழிக்கும்போது ஏற்படும் அதிர்வு ஆகியவை அதைத் தாக்காவண்ணம், சுற்றிலும் முப்பதடிக்கு வேலி போட்டு, கவுண்டரைத் தெற்கு வாசலுக்கு மாற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

அதிகாரி நெகிழ்ந்துபோனார். “இன்னிக்குத்தாம்மா நீ பொறுப்பா பேசியிருக்கே!”

சாயங்காலத்துக்குள் வேலி வந்துவிட்டது. ஒரு பட்டையைக் காப்பாற்ற அந்த அலுவலகம் காட்டிய வேகத்தைப் பார்த்துக் கொத்தனாரம்மாவுக்கே மெய்சிலிர்த்தது. தெற்கு வாசலில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று அக்கா பன்னிரண்டு நாள் தங்கையைத் திட்டித் தீர்த்தாள்.

பதின்மூன்றாம் நாள் காலை, காலம் தப்பி ஒரு மழை. பதினொரு மணிக்கு வடக்குச் சுவர், மாடு காலை மடக்கிப் படுப்பதுபோல, மெதுவாக உட்கார்ந்தது. வேலிக்குள் ஓர் ஈ காக்கை இல்லை. கொத்தனாரம்மா தெற்கு வாசலுக்கு ஓடினாள். பாதி கிழித்த டிக்கெட்டோடு அக்கா உறைந்துபோய் நின்றிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதார்கள்.

அதிகாரி இடிபாட்டின் மேல் ஏறினார். குனிந்து எதையோ எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, உயரத் தூக்கிக் காட்டினார்.

“கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல!”

மறுநாள் விசாரணைக் கூட்டம். சுவரே விழுந்தும் கீறல்கூட விழாத பட்டைக்கு முதலில் பாராட்டுத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு கொத்தனாரம்மா அழைக்கப்பட்டாள்.

“சுவர் விழறதுக்கு முன்னாடியே கவுண்டர மாத்தச் சொல்லியிருக்கே. ஆக, விழும்னு உனக்குத் தெரியும்?” என்று நிபுணர் கேட்டார்.

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் ஏன் எழுத்துமூலமா தெரிவிக்கல? எங்ககிட்ட ஒரு ஆதாரமும் இல்லையே!”

கொத்தனாரம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த மூன்று மெமோக்களைப் பிரித்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

“சுவர் நகருதுன்னு நான் வாயாலதான் சார் சொன்னேன். எழுத்துல சொன்னது சார்தான். கண்ணாடி உடைஞ்சுதுன்னு மூணு தடவை, தேதி போட்டு, முத்திரை குத்தி.”

அதிகாரியின் கை மெல்ல நகர்ந்து மெமோக்களை மூடியது.

“வெச்சுக்கங்க சார்” என்றாள் அவள். “நகல் மூணும் பீரோவுல பத்திரமா இருக்கு. ஏழு வருஷத்துல நீங்க பாதுகாத்தது அது ஒண்ணுதானே.”