எலுமிச்சை விஷயமாக மச்சானுக்கு

அன்பும் மரியாதையும் கலந்து பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், வணங்கி எழுதுவது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதியிருக்கிறேன். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

விஷயம் எலுமிச்சம்பழத்தைப் பற்றியது. சிரிக்காமல் மேலே படிக்கவும்.

போன மாதம் என் வேலைக்கு வேண்டிய உடல் தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்க டாக்டரிடம் போனேன். உங்கள் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனதுதான் நான் செய்த தப்பு. டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, மீட்டரைப் பார்த்து, நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை காற்றடித்து, பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடம் பேச ஆரம்பித்தார். பிரஷர் இந்த லட்சணத்தில் இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலையை இவர் மறந்துவிட வேண்டியதுதான், உப்பைக் குறைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். "உப்பில்லாம எப்படி டாக்டர் சோறு இறங்கும்?" என்று கேட்டேன். "கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்குங்க, வித்தியாசமே தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கொஞ்சம் என்றுதான் சொன்னார் மச்சான். அந்த வார்த்தை என் காதில் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

அன்றைக்கே உப்பு ஜாடி சமையலறையை விட்டுப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஒரு கூடைப் பழம் வந்து உட்கார்ந்தது. முதல் நாள் முட்டையில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள், "நல்லா இருக்கே"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், அவ்வளவுதான், மறுநாள் பருப்புல ஆரஞ்சுச் சாறு, மீன் மேல வட்டமா நறுக்கின ஆரஞ்சு, வெள்ளரிக்காயோட சாத்துக்குடிச் சுளை, சோத்துல பம்ளிமாஸை உதிர்த்துப் போட்டு அது மேல எலுமிச்சைத் தோலைத் துருவித் தூவி, "வாசனையைப் பாருங்க, உப்பு ஞாபகமே வராது"ங்கறா. எனக்கு வேற எந்த ஞாபகமும் வரலை. சாயங்காலம் பால் டீயில எலுமிச்சை பிழிஞ்சா. என் கண்ணெதிரே திரிஞ்சு போச்சு. "இது மட்டும் தப்பு, ஒத்துக்கறேன்"னா. நானும் சந்தோஷப்பட்டேன். காலையில பார்த்தா அந்தத் திரிஞ்சதைத் துணியில வடிகட்டி ரொட்டிக்கு நடுவுல வெச்சுக் குடுக்கறா. "உள்ளே மஞ்சளா என்னமோ இருக்கே"ன்னேன். "தோல்"னா.

வீட்டோட போனா பரவாயில்லை. என்கிட்ட பேங்க் கேஷியர் அம்மா ஒருத்தங்க கார் கத்துக்கறாங்க. பயந்த சுபாவம், ஸ்டியரிங்கை பஸ் கம்பி மாதிரி பிடிச்சுத் தொங்குவாங்க. அன்னிக்கு எனக்குச் சாப்பிட நேரமாயிடுச்சு, நேர் ரோடுதானே, மெதுவாத்தானே போறாங்கன்னு மடியில டிபன் டப்பாவைத் திறந்தேன். உள்ளே சோத்து மேல அரை மூடி எலுமிச்சை. லேசாத்தான் அமுக்கினேன், அது நேரா அந்தம்மா கண்ணுல போய்ப் பீச்சிடுச்சு. அவங்க ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிச்சாங்க, எங்க வண்டியில வாத்தியார் காலடியில தனியா ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதிக்கப் போனா டப்பா உருண்டு போய் அதுக்கு அடியில மாட்டிக்கிச்சு, நான் ஹேண்ட் பிரேக்கை இழுக்கறதுக்குள்ள வண்டி சலூன் வாசல் பெஞ்சைச் சாய்ச்சுட்டுத்தான் நின்னது. நல்லவேளை பெஞ்சுல யாரும் இல்லை. பாதி முகம் சோப்போட ஒருத்தர் வெளியே வந்து பார்த்தார். சலூன்காரர் ஜன்னல்ல குனிஞ்சு, "வாத்தியாரே, இதுல கத்துக்குடுக்கறது யாரு?"ன்னு கேட்டார். அந்தம்மா ஒத்தக் கண்ணுல தண்ணி வழிய, "நான் சரியாத்தான் ஓட்டினேன் சார்"னாங்க. உண்மைதான்.

மனசு நொந்து டீக்கடையில போய் உப்புக்கடலை கேட்டா, "உங்க வீட்டு அக்கா போன் பண்ணிட்டாங்க"ன்னு சொல்லி நாலு ஆரஞ்சுச் சுளையைத் தட்டுல வெக்கறான். வேற வழியில்லாம வேற தெருவுல ஒரு சின்னப் பாக்கெட் உப்பு வாங்கி கார் டிராயர்ல ஒளிச்சு வெச்சேன். ரெண்டு பேருமா கடைக்குப் போறப்போ துடைக்கற துணியைத் தேடி அவ அதைத் திறந்துட்டா. பார்த்தா. மூடிட்டா. வழி முழுக்க ஒரு வார்த்தை பேசலை. மச்சான், அவ திட்டினா எனக்குப் பழக்கம், பதில் கைவசம் இருக்கும். பேசாம வந்தா நான் என்ன பண்றது?

வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு வெச்சா. நான்தான் சண்டையை ஆரம்பிச்சேன். "எனக்குத்தானே இந்தத் தண்டனை, நீ மட்டும் உப்பு போட்டு ருசியாச் சாப்பிடு"ன்னு சொல்லி அவ தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கிட்டேன். அதே பருப்பு. அதே ஆரஞ்சு. ஒரு கல் உப்பு இல்லை. நிமிர்ந்து பார்த்தா அவ ஒவ்வொரு வாயும் கன்னத்தோட ஒரு ஓரத்துலேயே ஒதுக்கி மெல்லறா.

"வாயில என்ன?"

"புண்ணு. புளிப்பு பட்டா கொஞ்சம் எரியும்."

"உனக்குத்தான் பிரஷர் இல்லையே, தனியா சமைச்சுக்கக் கூடாதா?"

"ரெண்டு தடவை சமைக்க எனக்கு வேற வேலை இல்லையா?"ன்னா. இன்னொரு வாய் பிசைஞ்சுட்டு, "நான் எதிர்ல உக்காந்து உப்பு போட்டுச் சாப்பிட்டா உங்களுக்கு எப்படி இறங்கும்?"னு தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னா.

பிடிவாதத்தைப் பாருங்க. இப்படி ஒருத்தியோட மனுஷன் எப்படிச் சண்டை போடறது? அன்னிக்கு நான் பாதிச் சாப்பாட்டுல எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தேன். புளிப்புனாலதான்.

ஆகவே மச்சான், தாங்கள் ஒரு நடை வந்து, எலுமிச்சை என்பது ஒரு பழம், அது வைத்தியம் அல்ல என்று அவளுக்கு எடுத்துச் சொல்லி, இந்த வீட்டிலிருந்து அதை அடியோடு ஒழித்துத் தரவேண்டும். எனக்காக இல்லை, அவள் வாய்க்காக. நான் சொன்னால் கேட்கமாட்டாள். அண்ணன் சொன்னால் கேட்பாள் என்பதற்கும் சாட்சி ஏதும் இல்லை, இருந்தாலும் முயற்சி செய்யலாம்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, வேண்டிய அளவு உப்போடு நீடூழி வாழ ஆசிகள்.

பல் கூச்சத்துடன்,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: தபாலில் போட மறந்து இதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் டாக்டரிடம் போய்வந்துவிட்டோம். பிரஷர் இறங்கிவிட்டது, கையெழுத்தும் போட்டுவிட்டார், அளவாக உப்புச் சேர்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார். அன்னிக்கே அவ கூடையோட பழத்தைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டுட்டு, உப்பு போட்டுப் பருப்பு வெச்சா. ஒரு வாய் வெச்சேன் மச்சான், சகிக்கலை, ஒரே உப்பு, மணமே இல்லை. "எலுமிச்சை எங்கே?"ன்னு கேட்டேன். "அந்தப் பேச்சையே எடுக்காதீங்க, வாசனை பட்டாலே வாய் எரியுது"ன்னுட்டா. அவ எதிர்ல உக்காந்து பிழிஞ்சுக்கவும் எனக்கு மனசு வரலை. நாலு நாளா அரை வயித்தோட எழுந்து போறேன். எனவே தாங்கள் கட்டாயம் வரவேண்டும். மேலே நான் எழுதியிருப்பதெல்லாம் இப்போது அவளுடைய கட்சி. என் கட்சியை நேரில் சொல்கிறேன்.